சங்கத்துக்குள் தொல்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

நான் செய்த முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதியது. நான்கு பக்கம். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது உண்மைதான். ஆனால் அந்தக் கடிதம் என் ஏழு மாதத்தைத் தின்றுவிட்டது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். செம்பனைத் தோட்டக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளர். தோட்டத்து மக்களுக்கு இன்னமும் ‘டிரெசர் அம்மா’. எங்கள் தொழிலுக்கென்று ஒரு சங்கம் உண்டு. பெயர் இங்கே தேவையில்லை. அதன் வட்டாரக் கிளையில் பொறுப்பில் இருந்த ஒருவர் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்புவார். பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது பெண்களின் பெயரை மட்டும் அடித்துவிடுவார். பயிற்சிக் கட்டணமாக வாங்கிய ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) ரசீது தரமாட்டார். மூன்றையும் சேர்த்துக் கடிதமாக்கிக் கண்ட கண்ட கவுண்டரில் நீட்டினேன். ஒரு கவுண்டரில் ரசீது விவகாரத்தைச் சங்கத்தில் கேட்கச் சொன்னார்கள். சங்கத்தில், செய்தி விவகாரம் தனிப்பட்டது என்றார்கள். இன்னோர் இடத்தில் இது எங்கள் வேலையில்லை என்றார்கள். எரிச்சலாக இருந்தது. பிறகு சட்டத்தைப் படித்தபோது, ஒவ்வொருவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருப்பது தெரிந்தது.

நான் வழக்கறிஞர் அல்ல. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். ஆண்களும் படியுங்கள், சட்டம் பெண்களுக்கு மட்டுமானது அல்ல.

1. முதலில் புகாரைப் பிரியுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்: பாலியல் தொல்லை, பாகுபாடு, ஒழுங்கீனம். நடந்த ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு கட்டத்தில் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கதவு வேறு.

பாலியல் தொல்லைக்குச் சட்டம் இப்போது வலுவாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், அதாவது சட்டம் 840, வேலையிடத்துக்கு மட்டும் உரியது அல்ல. சங்கக் கூட்டம், கோயில் மண்டபம், கைப்பேசி என எங்கே நடந்தாலும் பொருந்தும். விரும்பத்தகாத பாலியல் நடத்தை பேச்சாகவோ, சைகையாகவோ, படமாகவோ, தொடுதலாகவோ இருக்கலாம். தொட்டால்தான் குற்றம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாகுபாட்டுக்கு நம் நாட்டில் கதவு மிகக் குறுகல். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதிகம் ஏமாந்தது இங்கேதான். கூட்டரசு அரசமைப்பின் 8(2) பிரிவில் பால் அடிப்படையிலான பாகுபாடு கூடாது என்று 2001இல் சேர்த்தார்கள். அது அரசைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் சங்கத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு 1 ஜனவரி 2023 முதல் நடப்பில் உள்ளது. வேலையில் பாகுபாடு என்றால் தொழிலாளர் இலாகாவிடம் போகலாம். ஆனால் சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையே முதலாளி–தொழிலாளி உறவு கிடையாது. சங்க அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருக்கும் கிராணிக்கு (எழுத்தர்) அந்தச் சட்டம் உதவும். சந்தா கட்டும் நமக்கு உதவாது. ‘கல்யாணமான பெண், எதற்கு ஈப்போ வரை?’ என்று பெயரை அடித்தவரைப் பிடிக்க என் கையில் இருந்த ஒரே ஆயுதம் சங்கத்தின் சொந்த விதிகள்தான். சாதி, தோட்டத்துப் பிள்ளை, பட்டணத்துப் பிள்ளை என்ற பேச்சுக்கும் இதே நிலைமை.

ஒழுங்கீனம் என்றால் ரசீது இல்லாத வசூல், கூட்டம் நடத்தாமல் இருப்பது, பதவியை வைத்து மிரட்டுவது. இது முதலில் செயலவைக்குப் போக வேண்டும், பிறகு பொதுக்கூட்டம், பிறகு சங்கங்களைப் பதிவு செய்யும் அரசு இலாகா (பதிவிலாகா). பணம் கையாடப்பட்டது என்றால் போலீஸ்.

2. உங்கள் சங்கம் எந்த வகை என்று பாருங்கள்

எல்லாவற்றையும் ‘சங்கம்’ என்கிறோம். ஆனால் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தில் பதிந்தது வேறு, 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் பதிந்தது வேறு, நிறுவனமாகப் பதிந்தது வேறு. கடிதத்தாளின் தலைப்பைப் பாருங்கள். எண் ‘பிபிஎம்’ என்று தொடங்கினால் அது சங்கங்களின் பதிவிலாகாவுக்குக் கீழ் வருவது. தொழிற்சங்கம் என்றால் அந்த இலாகாவுக்குப் போய்ப் பயனில்லை. தொழிற்சங்க விவகார இலாகா தனியாக இருக்கிறது.

தொல்லை கொடுத்தவர் உரிமம் பெற்றுத் தொழில் செய்பவரானால் இன்னொரு கதவும் உண்டு. மருத்துவர்களுக்கு மலேசிய மருத்துவ மன்றம், தாதியருக்குத் தாதியர் வாரியம் என்று அந்தந்தத் தொழிலுக்குப் பதிவு அமைப்பு இருக்கிறது. சங்கம் உறுப்பியத்தைத்தான் பறிக்கலாம். உரிமத்தில் கைவைக்க அந்த அமைப்பால்தான் முடியும்.

3. சந்தாவைக் கட்டிவிட்டு விதிப்புத்தகத்தை வாங்குங்கள்

சிரிக்காதீர்கள். என் கடிதம் கிடைத்ததும் அவர்கள் முதலில் பார்த்தது என் சந்தா நிலுவையைத்தான். இரண்டு வருடம் பாக்கி. பல சங்கங்களின் விதிப்படி குறிப்பிட்ட காலத்துக்கு மேல் பாக்கி வைத்தவருக்கு வாக்கு கிடையாது, சில இடங்களில் உறுப்பியமே போய்விடும். 72 வெள்ளியைப் பொருளாளரிடம் கட்டி, ரசீது வாங்கி, பிறகுதான் நான் மறுபடி உறுப்பினர் ஆனேன். நீங்கள் புகார் எழுதுமுன்பே இதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது சங்கத்தின் சட்டவிதிகள். செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் பதிவிலாகாவின் மாநில அலுவலகத்தில் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். பேராக்கில் இருப்பவர்கள் ஈப்போவுக்குப் போக வேண்டும். கையில் கிடைத்ததும் மூன்று இடங்களில் மட்டும் கோடு போடுங்கள்: உறுப்பினரை இடைநீக்கும் விதி, மேல்முறையீட்டு விதி, அவசரப் பொதுக்கூட்டத்தைக் கூட்டும் விதி. பல சங்கங்களில் வாக்குரிமை உள்ளவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் எழுத்தில் கேட்டால் அவசரக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். உங்கள் விதியில் உள்ள எண்ணிக்கையையும் நாள் கெடுவையும் சரிபாருங்கள்.

4. 555 புத்தகம்

மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். கைப்பைக்குள் அடங்கும். நடந்த அன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் இருந்தது யார். ‘அசிங்கமாகப் பேசினார்’ என்று எழுதாதீர்கள். என்ன பேசினார் என்பதை எழுதுங்கள். கை கூசும், எனக்கும் கூசியது. விசாரணையில் ‘என்னம்மா சொன்னார், சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது வாய் எழாது. அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறந்து நீட்டலாம்.

பக்கத்தைக் கிழிக்காதீர்கள், இடையில் இடம் விட்டுப் பிறகு நிரப்பாதீர்கள். பேனா மாறினாலும் பரவாயில்லை. ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதுபோல் அழகாக இருக்கும் குறிப்பைவிட, மை மாறி மாறி இருக்கும் குறிப்பை ஆட்கள் நம்புகிறார்கள்.

கைப்பேசிச் செய்திகளை அழிக்க வேண்டாம். கோபத்தில் ஆளை முடக்குமுன் எண்ணும் தேதியும் நேரமும் தெரியத் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உரையாடல் முழுவதையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். செய்தி தானாக மறையும் வசதி இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். புதுப் போன் வாங்கினால் பழையதை விற்காதீர்கள். அசல் அதில்தான் இருக்கிறது.

தமிழில் வந்த செய்திக்கு ஒரு தனிச் சிக்கல். அவர் எனக்கு இரவு 11.40க்கு அனுப்பியது இது: ‘உடம்பு சரியில்லை, மருந்து நீதான் தர வேண்டும்.’ இதை மலாயில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பாருங்கள். நோயாளி ஒருவர் டிரெசரிடம் மருந்து கேட்பதுபோல் இருக்கும். முதல் முறை அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்; படித்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூன்று வரியாக எழுதினேன். முதல் வரி தமிழ் அப்படியே. இரண்டாவது வரி மலாய்ப் பொருள். மூன்றாவது வரி சூழல்: அவர் என் நோயாளி அல்ல, கிளினிக் ஐந்து மணிக்கே மூடிவிடும், ‘நாளை கிளினிக்குக்கு வாருங்கள்’ என்று நான் பதில் எழுதியதற்கு அவர் அடுத்து இன்னொரு செய்தி அனுப்பினார். அந்த அடுத்த செய்தியை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

‘தங்கச்சி’ என்று தொடங்கும் செய்திகளையும் விட்டுவிடாதீர்கள். ‘தங்கையாக நினைத்துத்தான் பேசினேன்’ என்ற வாதம் கட்டாயம் வரும். எந்த அண்ணன் எந்தத் தங்கைக்கு அந்த நேரத்தில் அப்படி எழுதுவான் என்பதைச் செய்தியின் நேரமே சொல்லிவிடும்.

5. ஒரு குறை, ஒரு கடிதம், ஒரு பக்கம்

கடிதத்தில் ஐந்து விஷயம் போதும்: எப்போது, எங்கே, என்ன நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, நீங்கள் கேட்பது என்ன. என் இரண்டாவது கடிதம் இப்படித் தொடங்கியது:

‘2024 ஜூன் 15, சனிக்கிழமை இரவு 11.40க்குக் கிளையின் பொறுப்பாளர் ஒருவர் என் கைப்பேசிக்கு இணைப்பு 1இல் உள்ள செய்தியை அனுப்பினார். இது விதி 6இன்படி சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் செயல். 14 நாளுக்குள் விசாரணைக் குழு அமைத்து எனக்கு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

கண்ணீரெல்லாம் முதல் கடிதத்தோடு போயிற்று. இதற்குத்தான் பதில் வந்தது.

கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்பதில் கவனம் தேவை. புகாருக்குள்ளானவரே தலைவர் என்றால் செயலாளருக்கு எழுதி, தேசியத் தலைமையகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இரண்டு கோரிக்கைகளைக் கட்டாயம் சேருங்கள். ஒன்று, அவரும் அவருடைய உறவினரும் விசாரணைக் குழுவில் உட்காரக் கூடாது. குழுவில் ஒரு பெண்ணும் வெளிக்கிளை ஆள் ஒருவரும் வேண்டும். இரண்டு, விசாரணை முடியும்வரை உங்கள் பயிற்சிச் சான்றிதழில் வேறொருவர் கையொப்பமிட வேண்டும். சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களின் பிடி இந்தக் கையொப்பத்தில்தான் இருக்கிறது.

கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை கேளுங்கள். எங்கள் சங்கத்தின் ‘அலுவலகம்’ செயலாளர் வீட்டு வரவேற்பறை. முத்திரை இருப்பது அவருடைய காரில். எனவே பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு, சங்கத்தின் பதிவு முகவரிக்கு அனுப்பினேன். தபால் செலவு இருபது வெள்ளியைத் தாண்டவில்லை. ரசீதுத் தாள் வெயிலில் மங்கிவிடும், நகல் எடுத்து வையுங்கள்.

6. வாழையிலைக் கடை அழைப்பு

கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே போன் வரும். ‘ஏன்மா இதற்கெல்லாம் கடிதம்? வா, சாப்பிட்டுக்கொண்டே பேசித் தீர்ப்போம்.’ எனக்கு வந்தது. கிளையின் மூத்தவர் ஒருவர் தே தாரேக்கை ஆற்றியபடி, ‘அவரும் குடும்பஸ்தர், நீயும் குடும்பப் பெண்’ என்றார். பிறகு மடித்த தாள் ஒன்றை இலைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். புகாரை மீட்டுக்கொள்வதாக அதில் தட்டச்சு செய்திருந்தது. என் பெயரில் எழுத்துப்பிழை வேறு. தாளின் ஓரத்தில் சாம்பார் பட்டிருந்தது.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர்கள் பேசித் தீர்த்த வழக்குகளும் உண்டு. போனால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், அன்று எதிலும் கையொப்பமிடாதீர்கள், ‘எழுத்தில் அனுப்புங்கள் ஐயா, படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் 555இல் அதையும் எழுதுங்கள்.

7. புலனக் குழுவில் கொட்டாதீர்கள்

செயலவை பதில் போடாத கோபத்தில் முகநூலில் படத்தோடு எழுதத் தோன்றும். எழுதினால் அவர் உங்கள் மீது அவதூறு வழக்குப் போடலாம், 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது. அப்புறம் புகார் கொடுத்தவர் பதில் சொல்பவராகி நிற்க வேண்டியிருக்கும். விசாரிக்கும் பொறுப்புள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 180 பேர் உள்ள குழுவில் போடுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

8. அவர் தரப்பையும் கேட்க விடுங்கள்

இது கசக்கும். எங்கள் செயலவை, தலைமையகத்திலிருந்து கடிதம் வந்த பயத்தில், அவரைக் கூப்பிட்டுக் கேட்காமலே இடைநீக்கம் செய்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சி, அன்று வீட்டில் பாயசம். ஆறு வாரத்தில் அவர் மேல்முறையீடு செய்தார். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்படவில்லை, விளக்கம் கேட்கப்படவில்லை என்றார். விதியிலும் இரண்டும் வேண்டும் என்றுதான் இருந்தது. முடிவு ரத்தானது, எல்லாம் முதலிலிருந்து. நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும் இதே கதிதான்: மறுதரப்பைக் கேட்காத தண்டனை நிற்காது.

ஆகவே, அவருக்கு அறிவிப்புக் கடிதம் போனதா, பதில் தர நாள் கொடுத்தார்களா என்று நீங்களே செயலாளரைக் கேட்டுக்கொண்டிருங்கள். விசாரணை நாளில் ஒரே அறையில் அவருக்கு எதிரே உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்கலாம். சாட்சிகளைத் தனித்தனியாக அழைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் சாட்சி என்றால் சனிக்கிழமை பிற்பகல் கேளுங்கள். வேலை நாளில் அரைநாள் சம்பளம் போகும் என்றால் யாரும் வரமாட்டார்கள்.

9. வெளிக் கதவுகள்

சங்கம் முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தொட்டிருந்தால், மிரட்டியிருந்தால், பின்தொடர்ந்தால் முதலில் போலீஸ். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. மானபங்கச் சொல்லுக்கும் சைகைக்கும் குற்றவியல் சட்டத்தின் 509ஆம் பிரிவு, உடல்மீது கைவைத்தால் 354ஆம் பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 2023இல் சேர்த்த 507ஏ. பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். புகார் மலாயில் தட்டச்சாகும். வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகு கையொப்பமிடுங்கள். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமானால், நான்கு வாரம் கழித்து விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேட்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவில் இருக்கிறது. நான் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துக் கேட்டேன்.

அடுத்தது சட்டம் 840இன்கீழ் அமைந்த தீர்ப்பாயம். 2024 மார்ச் 8 முதல் இயங்குகிறது. இங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பொதுவாக வைக்கவும் முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படியே. விசாரணை மூடிய அறையில் நடக்கும், ஊர் வாய்க்கு அஞ்சுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், 250,000 வெள்ளி வரை இழப்பீடு தரச் சொல்லலாம். பொறி ஒன்று உண்டு: அதே விஷயத்துக்குச் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. எது என்று முதலிலேயே தீர்மானியுங்கள். சிவில் வழக்கு 2016ஆம் ஆண்டுக் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சாத்தியம்தான், ஆனால் நம் சம்பளத்துக்கு அது எட்டாது.

சங்கங்களின் பதிவிலாகா பாலியல் தொல்லையை விசாரிக்கும் இடம் அல்ல. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தவில்லை, கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பவில்லை, விதிக்கு மாறாகச் செயலவை அமைத்தார்கள் என்பது போன்றவற்றை அங்கே கொண்டு போங்கள். என் ரசீது விவகாரம் கடைசியில் அந்த வழியில்தான் நகர்ந்தது.

யாரிடமாவது முதலில் பேச வேண்டும் போலிருந்தால் 15999, தாலியான் காசே என்ற அரசு உதவி எண், 24 மணி நேரமும் எடுக்கிறார்கள்.

10. பொதுக்கூட்டத் தீர்மானம்

என் விவகாரத்தில் இரண்டாவது விசாரணை ஒழுங்காக நடந்தது. அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், மூன்று ஆண்டு இடைநீக்கம். ஐம்பது வெள்ளி திரும்ப வந்தது, அப்போதும் ரசீது இல்லாமல். பெண்களின் பெயரை அடித்த விஷயத்தில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் விதியில் பாகுபாடு என்ற சொல்லே இல்லை.

அதனால் அந்தச் சொல்லைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டு வந்தோம். நீங்களும் கொண்டு வருவதானால், எத்தனை நாளுக்கு முன் செயலாளரிடம் கொடுக்க வேண்டும் என்பதை விதியில் பாருங்கள். ஒரு நாள் பிந்தினால் அடுத்த ஆண்டுதான். முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவருக்கும் சந்தா பாக்கி இருக்கக் கூடாது. பொதுக்கூட்டம் ஏற்றுக்கொண்டாலும் பதிவாளரின் ஒப்புதல் வந்த பிறகே திருத்தம் நடப்புக்கு வரும். எங்கள் திருத்தம் இப்போது அங்கேதான் இருக்கிறது. இந்த ஆண்டுச் சந்தா 36 வெள்ளியை ஜனவரி முதல் வாரத்திலேயே கட்டிவிட்டேன். ரசீது கோப்பில் முதல் தாளாக இருக்கிறது.